ரீவைண்டிங்குக்கு முன்னும் பின்னும்: மோட்டாரின் கோர் லாஸைப் பட்டறையிலேயே கணக்கிடுவது எப்படி

ரீவைண்டிங் (பழைய காயிலைக் கழற்றிப் புதுக் காயில் சுற்றுவது) முடிந்த மோட்டாரை எடுக்க வருகிறவர்கள் இரண்டைத்தான் பார்ப்பார்கள்: சுத்துதா, சத்தம் வருதா. "ஓடுதுதானே லா, அப்புறம் என்ன அண்ணே?" என்று சொல்லி லோரியில் ஏற்றிவிடுவார்கள். காயில் புதுசு, பேரிங் புதுசு, வார்னிஷ் பளபளக்கிறது. அந்தக் காயிலைச் சுமக்கிற இரும்பு மட்டும் பழசு. பழைய காயிலைக் கழற்றுவதற்காக அதை அடுப்பில் வைத்து எரித்திருக்கிறோம், உளி வைத்துத் தட்டியும் இருக்கிறோம். அந்த இரும்பு இப்போது சும்மா ஓடும்போதே எத்தனை வாட் தின்கிறது என்று கேட்டால் பல பட்டறைகளில் பதில் வராது.

நான் பட்டர்வொர்த் மாக் மண்டினில் ஒரு ரீவைண்டிங் பட்டறையில் டெஸ்ட் பெஞ்சைப் பார்த்துக்கொள்கிறேன். பிறையிலிருந்தும் நிபோங் தெபால் பக்கத்துச் செம்பனை ஆலைகளிலிருந்தும் பாலத்துக்கு அந்தப் பக்கம் பாயான் லெப்பாஸிலிருந்தும் எங்களுக்கு மோட்டார் வரும். கோர் டெஸ்டர் என்று தனியாக விற்கிற பெட்டி எங்களிடம் இல்லை. வேரியாக் (வோல்ட்டை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்), நல்ல பவர் மீட்டர், சின்ன ஓமை அளக்கும் மீட்டர், வெர்னியர், கொஞ்சம் கேபிள். இவற்றை வைத்து என்ன செய்ய முடியும் என்பதைத்தான் எழுதுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கும் தொழிற்சாலை மெயின்டெனன்ஸில் இருக்கிறவர்களுக்கும் இது உதவும்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்று சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கோர் என்பது காயிலைச் சுமக்கும் அந்த இரும்பு, அது சூடாக வீணாக்கும் வாட்தான் கோர் லாஸ். அதில் இரண்டு பங்கு. ஒன்று ஹிஸ்டெரிசிஸ். 50 ஹெர்ட்ஸில் இரும்பின் காந்தம் விநாடிக்கு 50 தடவை முழுச் சுற்றாகப் புரள்கிறது, ஒவ்வொரு புரட்டலுக்கும் கொஞ்சம் சக்தி சூடாகப் போகிறது. ஃபிளக்ஸ் (இரும்பில் ஓடும் காந்தப் பாய்வு) கூடக்கூட இந்த இழப்பு எப்படிக் கூடும் என்பதற்குச் சார்லஸ் ஸ்டெயின்மெட்ஸ் 1892இல் 1.6 என்ற அடுக்கைக் கொடுத்தார். இன்றைய மோட்டார்கள் ஓடும் 1.5 டெஸ்லா (ஃபிளக்ஸின் செறிவை அளக்கும் அலகு) பக்கத்தில் அந்த அடுக்கு 2ஐ ஒட்டியோ அதற்கு மேலோ போகும். இன்னொன்று எடி கரண்ட். இரும்புக்குள்ளேயே சுழலும் மின்னோட்டம் இது. தகட்டின் தடிமனுடைய வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். அதனால்தான் கோரை ஒரே கட்டியாக வார்க்காமல் 0.5 மிமீ தகடுகளை அடுக்கிச் செய்கிறார்கள். 0.35 மிமீ தகடு போட்டால் எடி ஏறக்குறையப் பாதியாகிவிடும். திருப்பியும் யோசியுங்கள். தகடுகளுக்கு இடையில் இருக்கும் பூச்சு கருகி இரண்டு தகடு ஒட்டிக்கொண்டால், அந்த இடத்தில் 1 மிமீ தகடு போட்ட மாதிரி ஆகிறது, எடி நான்கு மடங்கு. பட்டறையில் நாம் கெடுப்பது பெரும்பாலும் இந்தப் பங்கைத்தான். ஃபுல் லோடில் ஒரு மோட்டாரின் மொத்த இழப்பில் கோர் லாஸ் வழக்கமாக 15 முதல் 25 சதவீதம். ஆனால் லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். பாதி லோடில் நாள் முழுக்க ஓடும் பம்ப் மோட்டாரில் அதன் பங்கு இன்னும் பெரிது.

அளக்க இரண்டு வழி. முழு மோட்டாரை லோடு இல்லாமல் ஓட்டி வாட்டைப் பிரித்தெடுப்பது ஒன்று. சுழலும் பாகமான ரோட்டாரைக் கழற்றிவிட்டு, அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் இரும்பை மட்டும் அளப்பது இன்னொன்று. முதலாவது வாடிக்கையாளரிடம் காட்டும் கணக்குக்கு. இரண்டாவது நம்மை நாமே சோதித்துக்கொள்ள. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம். காரணம் பிறகு வரும்.

லோடு இல்லாமல் ஓட்டும் சோதனை

ஐஇசி 60034-2-1 என்ற சர்வதேசத் தரநிலையில் இருக்கும் முறையின் சுருக்கம் இது. 15 கிலோவாட், 4 போல், 400 வோல்ட் டெல்டா (மூன்று காயிலையும் முக்கோணமாக இணைத்த) மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

கப்ளிங்கைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓடவிடுங்கள். புது பேரிங்கில் கிரீஸ் பரவி அடங்கும் வரை வாட் இறங்கிக்கொண்டே வரும். அரை மணிக்கு ஒரு தடவை பாருங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் 3 சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம் வந்தால்தான் அளக்கத் தொடங்கலாம். இந்தப் பொறுமை இல்லாமல் எடுக்கும் அளவில் கிரீஸின் வாட்டும் இரும்பின் தலையில் ஏறிவிடும்.

பிறகு வேரியாக்கில் 440 வோல்ட்டிலிருந்து மெல்ல இறக்கிக்கொண்டே வந்து, ஒவ்வொரு படியிலும் வோல்ட், ஆம்பியர், மொத்த வாட் மூன்றையும் குறியுங்கள். 400க்கு மேலும் கீழும் மூன்று நான்கு புள்ளி, 200க்கும் அதற்குக் கீழும் மூன்று புள்ளி. ஒரு கட்டத்துக்குக் கீழே போனால் வோல்ட் இறங்க இறங்க ஆம்பியர் இறங்காமல் ஏறத் தொடங்கும். அங்கே நிறுத்திவிடுங்கள். ஸ்லிப் (சுழலும் காந்தத்துக்கு ரோட்டார் பின்தங்கும் அளவு) கூடி ரோட்டார் இழப்பு உள்ளே நுழைந்துவிட்டது என்று அர்த்தம். முடிந்த கையோடு இரண்டு லைனுக்கு நடுவே ரெசிஸ்டன்ஸை அளங்கள். சின்ன ஓம் மீட்டர் இல்லாவிட்டால் கார் பேட்டரியோடு ஒரு ஹெட்லைட் பல்பைத் தொடராகப் போட்டு சில ஆம்பியர் டிசி விடுங்கள், டெர்மினலில் வரும் வோல்ட்டை ஆம்பியரால் வகுங்கள். பேட்டரி வயரை எடுப்பதற்கு முன்னால் வோல்ட் மீட்டர் வயரை எடுத்துவிடுங்கள். காயில் உதைக்கும் உதையில் மீட்டர் போய்விடும்.

நம் மோட்டாரில் லைனுக்கு லைன் 0.56 ஓம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டார் (மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்த்த இணைப்பு) ஆனாலும் டெல்டா ஆனாலும் காப்பர் லாஸ் (காயில் கம்பியில் சூடாகப் போகும் வாட்) = 1.5 × ஆம்பியரின் வர்க்கம் × லைன் ரெசிஸ்டன்ஸ்.

400 வோல்ட்: 11.0 ஆம்பியர், 553 வாட். காப்பர் 102. மிச்சம் 451.
200 வோல்ட்: 4.6 ஆம்பியர், 220 வாட். காப்பர் 18. மிச்சம் 202.
160 வோல்ட்: 3.8 ஆம்பியர், 188 வாட். காப்பர் 12. மிச்சம் 176.
120 வோல்ட்: 3.1 ஆம்பியர், 164 வாட். காப்பர் 8. மிச்சம் 156.

இந்த மிச்சத்தில் இரண்டு கலந்திருக்கிறது: இரும்பு தின்பது ஒன்று, பேரிங் உராய்வும் ஃபேன் இழுக்கும் காற்றும் தின்பது இன்னொன்று. வேகம் மாறாததால் உராய்வும் காற்றும் வோல்ட்டைக் கண்டுகொள்ளாது. இரும்போ, குறைந்த வோல்ட்டில் வோல்ட்டின் வர்க்கத்தோடு நேர்கோடாகப் போகும். அதனால் குறைந்த வோல்ட் புள்ளிகளை மட்டும் எடுத்து, குறுக்கே வோல்ட்டின் வர்க்கம், மேலே மிச்ச வாட் என்று கிராஃப் தாளில் போட்டுக் கோடு இழுங்கள். வோல்ட் பூஜ்யம் ஆகும் இடத்தில் கோடு எங்கே வெட்டுகிறதோ அதுதான் உராய்வும் காற்றும்.

கிராஃப் தாள் இல்லையா? 202லிருந்து 156ஐக் கழித்தால் 46. 200இன் வர்க்கம் 40,000, 120இன் வர்க்கம் 14,400, வித்தியாசம் 25,600. 46ஐ 25,600ஆல் வகுத்தால் 0.0018. அதை 14,400ஆல் பெருக்கினால் 26. 156இல் 26 போக 130 வாட். ஆக 400 வோல்ட்டில் கோர் லாஸ் 451 − 130 = 321 வாட்.

0.0018ஐ நேரே 400இன் வர்க்கத்தால் பெருக்கினால் 288தான் வரும். மீதி 33 வாட், இரும்பு சாச்சுரேஷனை (காந்தத்தை இனி அதிகம் ஏற்க முடியாத நிலையை) நெருங்கும்போது கோடு வளைவதால் வருவது. உயர்ந்த வோல்ட் புள்ளிகளை வைத்துக் கோடு இழுக்கக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

இன்னொரு நுணுக்கம். ஃபுல் லோடில் ஓடும்போது காயிலின் ரெசிஸ்டன்ஸில் கொஞ்சம் வோல்ட் விழுந்துவிடும். 28 ஆம்பியரில் இந்த மோட்டாரின் இரும்பு உண்மையில் பார்ப்பது ஏறக்குறைய 388 வோல்ட். அதனால் ஃபுல் லோடு கோர் லாஸ் 321ஐ விடச் சற்றுக் குறைந்து 300 வாட் பக்கம் நிற்கும். எஃபிஷியன்ஸி கணக்குப் போடுகிறவர்களுக்கு இது தேவை. பட்டறையில் ஒப்பிட்டுப் பார்க்க 321 போதும். நேம்பிளேட்டில் 415 என்று போட்ட பழைய மோட்டார்கள் இன்னும் நிறைய வருகின்றன. மலேசியாவில் இப்போது சப்ளை பெயரளவில் 400 வோல்ட். அந்த மோட்டார்களை 415க்கு ஏற்றி அளந்தால்தான் பழைய டெஸ்ட் ரிப்போர்ட்டோடு ஒப்பிட முடியும்.

வேரியாக் இல்லாதவர்களுக்கு

பெரிய மூன்று ஃபேஸ் வேரியாக் எல்லோரிடமும் இருக்காது. சிலர் மோட்டாரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டரில் வோல்ட்டைக் குறைத்து அளக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். அதிலிருந்து வருவது சுத்தமான சைன் அலை இல்லை, வெட்டி வெட்டி வரும் பல்ஸ். அந்தப் பல்ஸே இரும்பில் தனியாக இழப்பை உண்டாக்கும்.

ஆனால் ஆறு டெர்மினலும் வெளியே வந்திருக்கும் டெல்டா மோட்டாராக இருந்தால் கையிலேயே இரண்டு வோல்ட் இருக்கிறது. அதே 400 வோல்ட்டில் ஸ்டாரில் ஓட்டுங்கள். ஒவ்வொரு காயிலும் பார்ப்பது 231 வோல்ட். இரும்பைப் பொறுத்தவரை டெல்டாவில் 231 வோல்ட் கொடுத்ததும் இதுவும் ஒன்றே. நம் மோட்டார் ஸ்டாரில் 3.1 ஆம்பியர், 250 வாட் காட்டும் என்று வையுங்கள். ஸ்டாரில் லைன் ரெசிஸ்டன்ஸ் டெல்டாவின் மூன்று மடங்கு, 1.68 ஓம், காப்பர் 24 வாட், மிச்சம் 226. இதையும் டெல்டாவின் 451ஐயும் வைத்துக் கோடு போட்டால் உராய்வு 113 வாட் என்றும் கோர் 338 என்றும் வரும். வேரியாக் கணக்கைவிட 5 சதவீதம் கூடுதல். மேல் புள்ளி வளைவில் இருப்பதால் இந்த முறை எப்போதும் கோரைக் கொஞ்சம் கூட்டியே காட்டும். பத்து நிமிட வேலைக்கு இது மோசமில்லை.

மீட்டரை எவ்வளவு நம்பலாம்

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். லோடு இல்லாமல் ஓடும் மோட்டாரின் பவர் ஃபேக்டர் (வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையான வாட்டின் பங்கு) மிகவும் கீழே இருக்கும். மேலே சொன்ன 553 வாட்டில் அது 0.07தான். அந்த நிலையில் கிளாம்ப் (வயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கருவி) காட்டும் கோணம் வெறும் 1 டிகிரி பிசகினால் வாட் ஏறக்குறைய 24 சதவீதம் பிசகும். மலிவான கிளாம்ப் பவர் மீட்டர்களில் 1 டிகிரி பெரிய விஷயமே இல்லை. திரையில் மூன்று தசம இலக்கம் காட்டுவதால் அது உண்மை ஆகிவிடாது.

செய்யக்கூடியது என்ன? 1000 ஆம்பியர் கிளாம்ப்பில் 3 ஆம்பியரை அளக்காதீர்கள். வயரை வாய்க்குள் ஐந்து சுற்று விட்டு, வரும் அளவை ஐந்தால் வகுங்கள். ஒரு ஃபேஸை மட்டும் அளந்து மூன்றால் பெருக்காதீர்கள். நம் வட்டாரத் தொழிற்பேட்டைகளில் மூன்று ஃபேஸ் வோல்ட்டும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஃபேஸுக்கு ஃபேஸ் சில வோல்ட் வித்தியாசமே ஆம்பியரை நன்றாகப் பிரித்துவிடும். இரண்டு வாட் மீட்டர் முறையில் அளப்பவர்களுக்கு ஒரு மீட்டர் மைனஸில் போகும். வயரைத் திருப்பிப் போட்டுக் கூட்டிவிடாதீர்கள், அதைக் கழிக்க வேண்டும்.

அடுத்து வரும் லூப் டெஸ்டில் பவர் ஃபேக்டர் 0.3 பக்கம் இருக்கும். அங்கே அதே 1 டிகிரி பிசகு 5 சதவீதம்தான். எனக்கு அதில் நம்பிக்கை அதிகம் என்று சொன்னதற்குக் காரணம் இது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு: எரிந்துபோய் வந்த மோட்டாரை லோடு இல்லாமல் ஓட்ட முடியாது. ரீவைண்டிங்குக்கு முந்தைய அளவு வேண்டுமென்றால் லூப் டெஸ்ட் ஒன்றுதான் வழி.

லூப் டெஸ்ட்

ரோட்டாரை வெளியே எடுத்துவிட்டு, ஸ்டேட்டரின் துளை வழியாகக் கேபிளை விட்டு வெளியே சுற்றி மறுபடி துளை வழியாக விடுவது. மாலை கட்டும்போது நாரைச் சுற்றுவது மாதிரி. கரண்ட் விட்டால் ஃபிளக்ஸ், காயில் உட்காரும் பள்ளங்களான ஸ்லாட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் இரும்பு வளையத்தில் வட்டமாக ஓடும். பழைய காயில் ஸ்லாட்டிலேயே இருக்கலாம். ஆனால் அது ஷார்ட் ஆகி உள்ளுக்குள் கரண்ட் ஓடினால் அளவு கூடும் என்பதை மனதில் வையுங்கள்.

நான்கு அளவு தேவை. நம் 15 கிலோவாட் மோட்டாருக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: கோரின் வெளி விட்டம் 260 மிமீ, துளையின் விட்டம் 170, ஸ்லாட் ஆழம் 23, கோர் நீளம் 160.

வெளி விட்டத்திலிருந்து துளையைக் கழித்துப் பாதியாக்கினால் 45. ஸ்லாட் ஆழம் போக 22 மிமீ. இதுதான் வளையத்தின் கனம். 160 மிமீ நீளத்தில் தகடுகளின் பூச்சும் இடைவெளியும் போக 95 சதவீதம்தான் இரும்பு, ஆக 152 மிமீ. காற்றுக்காக இடையில் டக்ட் விட்டிருந்தால் அதையும் கழியுங்கள். குறுக்குப் பரப்பு 0.152 × 0.022 = 0.00334 சதுர மீட்டர்.

1.3 டெஸ்லாவுக்கு அளப்போம். ஒரு சுற்றுக்கு வோல்ட் = 4.44 × 50 × 1.3 × 0.00334 = 0.965. முப்பது சுற்றுப் போட்டால் 29 வோல்ட். ஆம்பியர் எவ்வளவு தேவை? வளையத்தின் நடு விட்டம் 238 மிமீ, சுற்றளவு 0.748 மீட்டர். மீட்டருக்கு 500 ஆம்பியர் சுற்று என்று தாராளமாக வைத்தால் 374. முப்பதால் வகுத்தால் 12.5 ஆம்பியர். அதைத் தாங்கும் வேரியாக்கும் கேபிளும் போதும். நல்ல இரும்பு இதைவிடக் குறைவாகவே இழுக்கும்.

இன்னொரு மெல்லிய வயரை, அதே முப்பது சுற்று, தனியாகச் சுற்றுங்கள். பவர் மீட்டரின் வோல்ட் பக்கத்தை இந்த மெல்லிய வயரில் கொடுங்கள், ஆம்பியர் பக்கத்தைத் தடித்த கேபிளில் கொடுங்கள். அப்போது கேபிளின் சொந்த இழப்பு கணக்கில் சேராது, இரும்பு தின்பது மட்டும் வரும். மெல்லிய வயரில் 29 வோல்ட் வரும் வரை வேரியாக்கை ஏற்றுங்கள். வேரியாக்கின் டயலைப் பார்க்காதீர்கள்.

வளையத்தின் எடை: 0.748 × 0.022 × 0.152 = 0.0025 கன மீட்டர். இரும்பின் அடர்த்தி 7,700. ஆக 19 கிலோ சொச்சம். மீட்டர் 9 ஆம்பியர், 85 வாட் காட்டினால் கிலோவுக்கு 4.4 வாட். இது நல்லதா கெட்டதா? எந்த கிரேடு இரும்பு என்று தெரியாமல் சொல்ல முடியாது. எம்400-50ஏ என்ற 0.5 மிமீ தகடு 1.5 டெஸ்லாவில் கிலோவுக்கு அதிகபட்சம் 4 வாட். எம்800-50ஏ என்றால் 8 வாட். அதுவும் ஆலையில் தகடாக அளந்தது. பஞ்ச் செய்து, அடுக்கி, வெல்டு வைத்து, ஃபிரேமில் அடித்து ஏற்றிய பிறகு கூடத்தான் செய்யும். அதனால் தனியாக நிற்கும் ஒரு எண்ணுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. அடுப்பில் வைப்பதற்கு முன் 85, எரித்துச் சுத்தம் செய்த பிறகு 96. கூடியது 13 சதவீதம். இதுதான் பேசும் எண். ரீவைண்டிங் தொழிலில் பரவலாக வைத்திருக்கும் எல்லை 20 சதவீதம். அதைத் தாண்டினால் இரும்பைக் கவனிக்காமல் காயில் போடக் கூடாது.

இரண்டு தடவையும் அதே சுற்று, அதே வோல்ட், அதே மீட்டர், அதே கிளாம்ப். முதல் தடவை ஃபிரேமோடு அளந்திருந்தால் இரண்டாம் தடவையும் ஃபிரேமோடுதான். வாட்டைப் போலவே ஆம்பியரையும் ஒப்பிடுங்கள்.

கரண்டை அப்படியே விட்டு இருபது முப்பது நிமிடம் கழித்து தெர்மல் கேமராவில் துளையின் உள்சுவரைப் பாருங்கள். மொத்த வாட் சரியாக இருந்தும் ஒரு மூலையில் மட்டும் சூடு குவிந்திருக்கலாம். பக்கத்து இரும்பைவிட 10 டிகிரிக்கு மேல் சூடாக ஒரு புள்ளி இருந்தால் அங்கே தகடுகள் ஒட்டியிருக்கின்றன. ரோட்டார் உரசிய மோட்டார்களில் இது சகஜம். 29 வோல்ட்தானே என்று அலட்சியம் வேண்டாம். வேரியாக் மெயினிலிருந்து பிரிக்கப்பட்டதல்ல, வயர் தோல் கிழிந்தால் ஃபிரேமிலேயே கரண்ட் ஏறிவிடும். எர்த் போடுங்கள், கரண்ட் ஓடும்போது துளைக்குள் கையோ கருவியோ விடாதீர்கள்.

இந்த டெஸ்டுக்கு ஒரு குறை உண்டு. ஃபிளக்ஸ் பின் வளையத்தில்தான் ஓடுகிறது, ஸ்லாட்டுகளுக்கு நடுவில் நிற்கும் பல்லுக்குள் அதிகம் போகாது. பல்லின் நுனியில் அரத்தால் தேய்த்து பர் (இரும்புப் பிசிறு) ஏறியிருந்தால் லூப் டெஸ்ட் அதை முழுசாகக் காட்டாது. அதற்குத்தான் வேலை முடிந்ததும் முதலில் சொன்ன சோதனையையும் செய்கிறோம்.

எண் கூடினால்

முதலில் அடுப்பைச் சந்தேகப்படுங்கள். பட்டறைகளில் வழக்கமாக வைக்கும் உச்ச வரம்பு 370 டிகிரி. அது அடுப்பின் காற்றுக்கு அல்ல, கோரின் மேல் ஒட்டிய சென்சாருக்கு. வார்னிஷ் தானே தீப்பிடித்தால் கோர் அடுப்பை மீறிச் சூடாகும், அதற்குத்தான் தண்ணீர் தெளிப்பு. கேஸ் டார்ச்சால் நேரே எரிப்பவர்களை இன்னும் பார்க்கிறேன். சின்ன மோட்டார்தானே என்பார்கள். ஒரே இடத்தில் குவியும் அந்தச் சூடுதான் பூச்சுக்கு எமன். மோட்டார் பழுதுபார்ப்போர் சங்கங்களான அமெரிக்காவின் ஈசா அமைப்பும் இங்கிலாந்தின் ஏஇஎம்டி அமைப்பும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, ஒழுங்கான முறையில் ரீவைண்டிங் செய்தால் எஃபிஷியன்ஸி குறையாமல் காப்பாற்றலாம் என்று காட்டியது. அதனால் "ரீவைண்டிங் செய்தாலே கரண்ட் பில் கூடும்" என்ற பேச்சை நான் ஒத்துக்கொள்வதில்லை.

வாடிக்கையாளருக்கு வெள்ளிக் கணக்கில் (ரிங்கிட்டில்) சொல்லுங்கள். 321 வாட்டில் 20 சதவீதம் என்றால் 64 வாட். வருஷத்துக்கு 8,000 மணி ஓடும் மோட்டாரில் 512 யூனிட். யூனிட்டுக்கு 40 சென் என்று வைத்தால் 205 வெள்ளி, வருஷா வருஷம். இதைக் கேட்ட பிறகு எந்தத் தவுக்கேயும் (முதலாளியும்) "ஓடுதுதானே" என்று சொல்வதில்லை.

சூடு ஒரு புள்ளியில் மட்டும் என்றால் காப்பாற்ற வழி உண்டு. பர்ரை மெல்லிய கல்லால் தகட்டின் நீளவாக்கில் எடுங்கள், குறுக்கே இழுத்தால் ஒரு தகட்டின் இரும்பை அடுத்ததன் மேல் தேய்த்து ஒட்டிவிடுவீர்கள். மெல்லிய கத்தி முனையால் தகடுகளை லேசாகப் பிரித்து, இடையில் நீர்த்த இன்சுலேட்டிங் வார்னிஷ் இறங்கவிடுங்கள், காயவிடுங்கள், மறுபடி முப்பது சுற்றுப் போட்டு 29 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். சூடு வளையம் முழுக்கப் பரவியிருந்தால் பூச்சு எல்லா இடத்திலும் போய்விட்டது என்று அர்த்தம். பெரிய மோட்டாரில் தகடுகளைப் பிரித்துப் பூச்சுப் போட்டுத் திருப்பி அடுக்குவது செலவுக்குத் தகும். 15 கிலோவாட்டுக்குத் தகாது. காயிலுக்குக் காப்பர் வாங்கும் முன்பே வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, புது மோட்டார் விலையையும் 85, 96 என்ற அந்த இரண்டு எண்ணின் இடத்தில் உங்களுக்கு வந்த எண்களையும் ஜாப் கார்டில் எழுதிக் காட்டிவிடுங்கள்.